எதிர்ப்புக் கவிதை என்பது எது? மஹ்மூத் தர்வீஷை முன்வைத்து ஓர் எளிய அறிமுகம்

எதிர்ப்புக் கவிதை என்ற தொடர் நமக்குப் பழக்கமானது. ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்று, ஒடுக்குபவரை நோக்கிக் குரலெழுப்பும் கவிதை என்று அதற்குப் பொருள் சொல்வோம். அது தவறில்லை, ஆனால் போதாது. கோபமும் முழக்கமும் இருந்தால்தான் அது எதிர்ப்புக் கவிதையா? குண்டு விழும் நகரத்தில் ஒருவர் காப்பி போடுவதைப் பற்றி எழுதினால் அதை என்னவென்று அழைப்பது? தன் மரணத்தோடு பேசும் கவிதையை எங்கே வைப்பது? இந்தக் கேள்விகளோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டியவர் பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் (1941–2008). எதிர்ப்புக் கவிதையைப் புரிந்துகொள்ள அவரைவிட நல்ல வழித்துணை எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் இந்தப் பெயர் எங்கிருந்து பரவியது என்று பார்க்கலாம். 1966இல் பாலஸ்தீன நாவலாசிரியர் கஸ்ஸான் கனஃபானி, ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனத்தின் எதிர்ப்பு இலக்கியம் பற்றி ஒரு நூல் எழுதினார். 1948இல் இஸ்ரேல் உருவானபோது ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்து வெளியேறினார்கள். அந்தப் பேரழிவை அரபு மக்கள் நக்பா என்கிறார்கள். வெளியேறாமல் இஸ்ரேலுக்குள்ளேயே தங்கிவிட்ட சிறுபான்மை அரபு மக்கள் என்ன ஆனார்கள், என்ன எழுதுகிறார்கள் என்பது வெளியே இருந்த அரபு உலகத்துக்கு அதுவரை அதிகம் தெரியாது. கனஃபானியின் நூல் அந்தச் சுவரில் ஒரு துளை போட்டது. அதன் வழியாகத் தெரிந்த முகங்களில் முக்கியமானது இருபதுகளின் நடுவில் இருந்த தர்வீஷின் முகம்.

இன்றைய இஸ்ரேலின் வடக்கில், அக்கா என்ற கடலோர நகரத்துக்குக் கிழக்கே, மேற்கு கலிலேயாவில் இருந்த அல் பிர்வா என்ற கிராமத்தில் 1941 மார்ச் 13 அன்று தர்வீஷ் பிறந்தார். குடும்பத்துக்கு நிலம் இருந்தது, விவசாயம் இருந்தது. 1948இல் இஸ்ரேலியப் படைகள் ஊருக்குள் வந்தபோது குடும்பம் லெபனானுக்கு ஓடியது. அடுத்த ஆண்டு எல்லை தாண்டித் திரும்பி வந்து பார்த்தால், ஊர் இல்லை. வீடுகள் இடிக்கப்பட்டிருந்தன. பிற்பாடு அந்த நிலத்தில் யஸ்ஊர், அஹிஹூத் என்ற இரண்டு யூதக் குடியிருப்புகள் எழுந்தன. குடும்பம் பக்கத்தில் வேறொரு கிராமத்தில் அகதியாகத் தங்கியது. சொந்த நாட்டுக்குள் அகதி!

இதைவிட விசித்திரமான ஒன்று உண்டு. இவர்கள் ஓடிப்போயிருந்த காலத்தில் புதிய அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை முடித்துவிட்டது. அதில் இவர்கள் பெயர் இல்லை. ஆக, சட்டத்தின் கண்ணில் இவர்கள் நாட்டில் இருக்கிறார்கள், ஆனாலும் இல்லாதவர்கள். இப்படிப்பட்டவர்களை ‘இருந்தும் இல்லாதவர்கள்’ என்றே அதிகாரிகள் வகைப்படுத்தினார்கள். 1950இல் வந்த ‘இல்லாதவர் சொத்துச் சட்டம்’ அவர்களுடைய நிலங்களை அரசின் கைக்கு மாற்றியது. ஒரு சிறுவன் வளர்ந்து வரும்போது, அவன் இருப்பதையே ஒரு கோப்பு மறுக்கிறது. தர்வீஷின் கவிதைகளில் பெயர், முகவரி, பட்டியல், கதவு எண் போன்றவை ஏன் ஓயாமல் வருகின்றன என்பதற்கு இதுவே வேர்.

இஸ்ரேலில் வாழ்ந்த அரபு மக்கள் 1966 வரை ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தார்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தக் காலத்தில், பள்ளி மாணவனாக இருந்தபோது நடந்ததைத் தர்வீஷ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இஸ்ரேல் சுதந்திர தினத்துக்குப் பள்ளியில் விழா. ஓர் அரபுச் சிறுவன் யூதச் சிறுவனிடம் பேசுவதுபோல ஒரு கவிதை எழுதி மேடையில் வாசித்தான் மஹ்மூத். உனக்கு வீடு இருக்கிறது, எனக்கு இல்லை. உனக்கு விளையாட்டுப் பொருள்கள் இருக்கின்றன, எனக்கு இல்லை. நாம் ஏன் சேர்ந்து விளையாடக் கூடாது என்று கேட்கிற கவிதை. மறுநாள் ராணுவ ஆளுநர் அவனைக் கூப்பிட்டனுப்பினார். இப்படி எழுதிக்கொண்டிருந்தால் உன் அப்பாவுக்குக் கல்குவாரியில் வேலை இருக்காது என்று மிரட்டினார். நிலத்தைப் பறிகொடுத்த விவசாயியான அப்பா அப்போது கல் உடைத்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

பையன் அழுதான். ஆனால் ஒரு விஷயம் அவனுக்கு விளங்கிவிட்டது. துப்பாக்கியும் ராணுவமும் வைத்திருப்பவர் ஒரு பள்ளிக்கூடப் பாட்டுக்குப் பயப்படுகிறார்! கவிதைக்கு எடை உண்டு என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்த ஆளுநர்தான். அந்தச் சிறு கவிதையில் வசை இல்லை, அறைகூவல் இல்லை, சேர்ந்து விளையாடலாம் என்ற அழைப்புதான் இருந்தது. அதிகாரத்தைச் சுட்டது, இல்லாதவன் என்று எழுதப்பட்ட ஒருவன் இருப்பவனைப்போலப் பேசியதுதான்.

உயர்நிலைப் பள்ளிக்குப் பின் தர்வீஷ் ஹைஃபா நகரத்துக்குப் போனார். கம்யூனிஸ்ட் கட்சியின் அரபுப் பத்திரிகைகளில் வேலை பார்த்தார். முதல் தொகுப்பு 1960இல், பத்தொன்பது வயதில் வந்தது. அனுமதியில்லாமல் ஊர் விட்டு ஊர் போய்க் கவிதை வாசித்ததற்காகவும் எழுதியதற்காகவும் பலமுறை சிறைக்குப் போனார், வீட்டுக்காவலில் இருந்தார்.

1964இல் வந்த ‘ஆலிவ் இலைகள்’ தொகுப்பில்தான் ‘அடையாள அட்டை’ இருக்கிறது. அரபு உலகம் முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்த கவிதை. கவிதையின் சூழல் மிக எளிது. ஓர் அரசு அலுவலகம். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி. இந்தப் பக்கம் ஒரு கல்குவாரித் தொழிலாளி. தன்னைப் பற்றிய விவரங்களை அவன் சொல்லச் சொல்ல, அதிகாரி எழுத வேண்டும். நான் அரபி என்று எழுதிக்கொள் என்பது திரும்பத் திரும்ப வரும் வரி. எட்டுப் பிள்ளைகள், ஒன்பதாவது கோடைக்குப் பிறகு வரப்போகிறது. பட்டப்பெயர் இல்லாத வெறும் பெயர். தாத்தா உழவர். வீடு, காவல்காரன் குடிசைபோலக் கிளையாலும் நாணலாலும் கட்டியது. முடி கறுப்பு, கண் பழுப்பு. முகவரி, தெருக்களுக்குப் பெயரில்லாத ஒரு மறக்கப்பட்ட கிராமம். கடைசியில்தான் எச்சரிக்கை வருகிறது: நான் யாரையும் வெறுப்பதில்லை, ஆனால் பசித்தால் என் பசிக்கும் என் கோபத்துக்கும் அஞ்சிக்கொள்.

இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஓர் அரசுப் படிவத்தை நிரப்புவதுதான் இந்தக் கவிதையின் கட்டமைப்பு. எந்தப் படிவம் ஒரு மனிதனை இல்லாதவனாக்கியதோ, அதே படிவத்தை அவன் தன் வாயால் நிரப்புகிறான். கேள்வி கேட்க வேண்டிய அதிகாரி கவிதை முழுவதும் பேசவே இல்லை. சொல்வதை எழுதுகிற எழுத்தராகிவிடுகிறார். கடைசிப் பகுதியின் மிரட்டலைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். என் கணக்கில், கவிதையின் எதிர்ப்பு அதற்கு முன்பே, அந்த ஒன்பதாவது பிள்ளையிலேயே முடிந்துவிட்டது. பெயரே இல்லை என்று கோப்பு சொல்லும் வீட்டில் இன்னொரு பெயர் பிறக்கப்போகிறது.

இந்தக் கவிதை ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு யாப்பும் ஒரு காரணம். அரபு மரபுக் கவிதையில் ஒவ்வொரு அடியும் இரண்டு சம பாதிகளாகப் பிரியும்; முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை ஒரே இயைபு வரும். எட்டாம் நூற்றாண்டில் வகுக்கப்பட்ட சந்தங்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் அப்படியே நின்றன. 1940களின் இறுதியில் ஈராக்கில் நாஸிக் அல் மலாயிகா, பத்ர் ஷாகிர் அல் சய்யாப் என்ற இரு கவிஞர்கள் அந்தக் கட்டடத்தைத் திறந்துவிட்டார்கள். சந்தத்தின் சீரை வைத்துக்கொண்டார்கள். ஓர் அடிக்கு இத்தனை சீர் என்ற கணக்கைக் கைவிட்டார்கள். அடி ஒரே சொல்லாகவும் இருக்கலாம், மூச்சுமுட்ட நீளவும் செய்யலாம். இதைத் தஃப்ஈலா கவிதை என்பார்கள். தர்வீஷ் கடைசி வரை எழுதியது பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான். ஓசை அறுந்துபோகாததால் பாமரக் கூட்டமும் காதால் பிடித்துக்கொண்டது; அடியின் நீளம் கட்டற்றதாக இருந்ததால் பேச்சு மொழியின் துடிப்பும் உள்ளே வந்தது. 1965இல் நாசரேத்தில் ஒரு திரையரங்கில் அவர் ‘அடையாள அட்டை’யை வாசித்தபோது கூட்டம் ஆர்ப்பரித்தது.

புகழ் வந்தது. அதோடு ஒரு சிக்கலும் வந்தது. 1967 போரில் அரபு நாடுகள் தோற்றிருந்தன. தோல்வியில் துவண்டிருந்த அரபு உலகத்துக்கு, உள்ளிருந்து வந்த இந்தக் குரல்கள் மருந்துபோல இருந்தன. எதை எழுதினாலும் பாராட்டு, விமர்சனமே இல்லை. 1969இல் தர்வீஷ் ஒரு கட்டுரை எழுதினார். இந்தக் கொடூரமான அன்பிலிருந்து எங்களைக் காப்பாற்றுங்கள் என்பது அதன் தலைப்பு. பாலஸ்தீனத்திலிருந்து வருகிறது என்பதற்காகவே ஒரு கவிதையைத் தூக்கிவைத்துக் கொண்டாடாதீர்கள், கவிதையாக அளந்து பாருங்கள் என்பதுதான் அவருடைய கோரிக்கை. இருபத்தெட்டு வயதில், புகழின் நடுவில் நின்றுகொண்டு இதைக் கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். எதிர்ப்புக் கவிதை என்ற பெயரில் எழுதும் எவரும், எந்த மொழியிலும், இந்தக் கட்டுரையின் தலைப்பையாவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1970இல் படிப்புக்காக மாஸ்கோ போன தர்வீஷ் இஸ்ரேலுக்குத் திரும்பவில்லை. கெய்ரோவில் கொஞ்ச காலம், பிறகு லெபனான் தலைநகர் பெய்ரூட். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தில் சேர்ந்ததால் திரும்பிப் போகும் வழியும் அடைபட்டது. பெய்ரூட் மேடைகளில் ‘அடையாள அட்டை’யைப் படியுங்கள் என்று கூட்டம் கேட்டால் மறுத்துவிடுவார். யூத அதிகாரியிடம் நான் அரபி என்று சொல்வதற்கு ஒரு பொருள் இருந்தது, அரபு மக்களிடமே அதைச் சொல்வதற்கு என்ன பொருள் இருக்கிறது என்பது அவர் வாதம். எதிர்ப்புக் கவிதையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படைப் பாடம் இது. ஒரே வரி ஓர் இடத்தில் எதிர்ப்பாகவும் இன்னோர் இடத்தில் வெறும் தற்பெருமையாகவும் ஆகலாம். யார் யாரிடம், எங்கே நின்று பேசுகிறார் என்பதில்தான் அதன் எதிர்ப்பு இருக்கிறது.

1982 கோடையில் இஸ்ரேலியப் படை பெய்ரூட்டை முற்றுகையிட்டது. வானிலிருந்தும் கடலிலிருந்தும் குண்டுகள். தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. அந்த ஆகஸ்டின் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு, விடியலிலிருந்து இரவு வரை நடப்பதைத் தர்வீஷ் பின்னர் உரைநடையில் எழுதினார். ‘மறதிக்கான நினைவு’ என்ற அந்த நூலை என்னால் ஒரு மூச்சில் படிக்க முடிந்ததில்லை. தொடக்கத்திலேயே கதைசொல்லி ஒன்றே ஒன்றுக்குத்தான் ஏங்குகிறார்: காப்பி. ஐந்து நிமிடம் குண்டு போடாமல் இருந்தால் போதும், ஒரு காப்பி போட்டுக்கொள்ளலாம். ஆனால் சமையலறை கடலைப் பார்த்து இருக்கிறது. கடலிலிருந்து வரும் குண்டு முதலில் தாக்கக்கூடிய இடம் அது. கூடத்திலிருந்து அந்தச் சில அடி தூரத்தைக் கடப்பது எப்படி?

கடந்துவிடுகிறார். பிறகு பக்கம் பக்கமாகக் காப்பி தயாரிக்கும் முறை வருகிறது. கொதிக்கும் நீரின் மேல் ஏலக்காய் மணக்கும் காப்பித்தூளை ஒரு கரண்டி போட வேண்டும். மெதுவாக, முதலில் வட்டமாகக் கலக்க வேண்டும், பிறகு மேலும் கீழுமாக. இரண்டாவது கரண்டி, மூன்றாவது கரண்டி. ஒவ்வொரு கரண்டிக்கும் இடையில் பாத்திரத்தை நெருப்பிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். வெளியே நகரம் இடிந்துகொண்டிருக்கிறது. உள்ளே ஒரு மனிதன் கரண்டியை எந்தத் திசையில் சுழற்றுவது என்பதில் சமரசம் செய்துகொள்ள மறுக்கிறான்.

முற்றுகை எதைப் பறிக்கப் பார்க்கிறது? உயிரை மட்டுமன்று, காலையில் எழுந்து தன் கையால், தனக்குப் பிடித்த பக்குவத்தில் காப்பி போட்டுக் குடிக்கிற சாதாரண வாழ்க்கையையும்தான். அந்தச் சாதாரணத்தைத் துளி விடாமல் எழுதிவைப்பதே எதிர்ப்பு. இந்தப் பக்கங்களில் முழக்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ‘அடையாள அட்டை’யைவிட இவை ஆழமான எதிர்ப்பு எழுத்து என்று உறுதியாகச் சொல்வேன். கோபம் எதிரியைச் சுற்றியே சுழல்கிறது. எதிரி போனால் அதற்கு வேலை இல்லை. ஏலக்காய் மணம் எதிரியைச் சார்ந்து இல்லை.

அம்மாவின் ரொட்டிக்கும் காப்பிக்கும் தொடுகைக்கும் ஏங்குகிற ‘என் அம்மாவுக்கு’ என்ற கவிதையை அவர் இளம் வயதில், சிறையில் எழுதினார். சின்ன வயதில் அம்மாவுக்குத் தன்மேல் பாசம் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்த மகன், சிறைக்கு வந்து பார்த்த அம்மாவிடம் மனம் உடைந்து சொன்ன சொந்த வாக்குமூலம் அது. லெபனான் பாடகர் மார்செல் கலீஃபா அதற்கு இசையமைத்துப் பாடியபின், அந்த அம்மாவைத் தாய்நாடு என்றே லட்சக்கணக்கானோர் கேட்டார்கள். தர்வீஷின் பாத்திரங்களை இப்படி உருவகமாக்கும் பழக்கம் இன்றும் தொடர்கிறது. அவருடைய காதலி என்றால் பாலஸ்தீனம், அம்மா என்றால் பாலஸ்தீனம். எல்லாவற்றையும் நாடாக்கிவிட்டால் அந்த அம்மாவின் கையிலிருக்கும் ரொட்டி காணாமல் போய்விடும். முதல் வாசிப்பில் அம்மாவை அம்மாவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரியை அவர் எப்படி எழுதினார் என்பதையும் பார்க்க வேண்டும். ஹீப்ரு மொழியை நன்றாகக் கற்றவர். ஸ்பானிய மொழிக் கவிஞர்களான லோர்காவையும் நெருதாவையும் முதலில் ஹீப்ரு வழியாகத்தான் படித்தார். 1967 போர் முடிந்த கையோடு, போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஓர் இஸ்ரேலியச் சிப்பாயோடு நடந்த உரையாடலை ‘வெள்ளை லில்லிகளைக் கனவு காணும் சிப்பாய்’ என்ற கவிதையாக எழுதினார். அந்தச் சிப்பாய் தான் கொன்றவர்களைப் பற்றிச் சொல்கிறான், அம்மா போடும் காப்பியைப் பற்றிச் சொல்கிறான், நாட்டைவிட்டே போகப்போகிறேன் என்கிறான். எதிரிக்கு மனித முகம் கொடுத்தார் என்று அரபுத் தரப்பில் பலர் கோபப்பட்டார்கள். தர்வீஷ் பின்வாங்கவில்லை. 2002இல் மேற்குக் கரையின் ரமல்லா நகரத்தை இஸ்ரேலியப் படை முற்றுகையிட்டபோது எழுதிய ‘முற்றுகை நிலை’யில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: கொல்பவனைப் பார்த்து, நீ கொன்றவன் முகத்தை ஒருகணம் உற்றுப் பார்த்திருந்தால் விஷவாயு அறையில் இறந்த உன் தாயை நினைத்திருப்பாய் என்கிறார். இது மன்னிப்பு இல்லை, சமாதானத் தூதும் இல்லை. துப்பாக்கியின் நியாயத்தை அவனுடைய சொந்த வரலாற்றைக் கொண்டே பிடுங்கிவிடுகிற வரி.

அரசியலில் அவருடைய பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1988 நவம்பரில் அல்ஜியர்ஸ் நகரில் அறிவிக்கப்பட்ட பாலஸ்தீன சுதந்திரப் பிரகடனத்தின் வாசகத்தை எழுதியவர் அவர். விடுதலை இயக்கத்தின் செயற்குழுவில் இருந்தார்; 1993இல் அந்த இயக்கம் இஸ்ரேலோடு செய்துகொண்ட ஆஸ்லோ ஒப்பந்தத்தை ஏற்க முடியாமல் விலகினார். 1990களின் நடுவில் ரமல்லாவுக்கு வந்தார். அல் பிர்வா இருந்த இடத்திலிருந்து வெகுதூரமில்லை, ஆனாலும் ஊர் திரும்பியதாகாது. 2000இல் இஸ்ரேலின் கல்வி அமைச்சர் யோசி சரித், தர்வீஷின் கவிதைகளைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்கலாம் என்றார். நாடாளுமன்றத்தில் பெரும் புயல் கிளம்பியது. அதற்கு நேரம் வரவில்லை என்று பிரதமர் எகுத் பாரக் முடித்துவைத்தார்.

கடைசிக் கால தர்வீஷைப் பற்றிப் பேசாமல் இந்த அறிமுகம் முழுமையாகாது, ஏனென்றால் அவரே தன் எழுத்தில் அதைத்தான் முக்கியமாகக் கருதினார். 1984இலேயே இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. 1998இல் மறுபடி ஒன்று; மரணத்தின் வாசல் வரை போய் மீண்டார். அதிலிருந்து பிறந்த நெடுங்கவிதை ‘சுவரோவியம்’, 2000இல் வெளியானது. அதில் மரணத்தைப் பார்த்து, கொஞ்சம் பொறு என்கிறார். பெட்டியைக் கட்டி முடிக்கிறேன்: பல் துலக்கும் பிரஷ், சோப்பு, சவரக் கருவி, வாசனைத் தைலம், உடுப்புகள். பயணம் போகிறவன் வாசலில் நிற்கும் வண்டிக்காரரிடம் பேசுகிற மாதிரி மரணத்திடம் பேச்சு நடக்கிறது. பிறகு குரல் உயர்கிறது. மரணமே, கலைகள் எல்லாம் உன்னை வென்றுவிட்டன என்று சொல்லி, மெசபடோமியப் பாடல்களையும் எகிப்தியரின் தூண்களையும் கோயில் கற்களில் செதுக்கிய எழுத்துகளையும் சாட்சிக்கு அழைக்கிறார். கவிதையின் இறுதியில் தன் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றுக்குப் பொருள் கொடுக்கிறார்.

‘சுவரோவியம்’ எதிர்ப்புக் கவிதையா? பாலஸ்தீனம் அதில் நேரடியாக அதிகம் வருவதில்லை என்று சொல்லிச் சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நீ பாலஸ்தீனன், அதனால் போரைப் பற்றி மட்டும் எழுது என்பதும் ஒருவகை முற்றுகைதான். நோயைப் பற்றி, பயத்தைப் பற்றி, வயதாவதைப் பற்றி எழுதும் உரிமை மற்ற நாட்டுக் கவிஞர்களுக்குக் கேட்காமலே கிடைக்கிறது. தர்வீஷ் அதைப் போராடி எடுத்துக்கொண்டார்.

தமிழுக்கு அவர் வந்த வழி இலங்கையில் தொடங்குகிறது. கவிஞரும் ஆய்வாளருமான எம்.ஏ. நுஃமான் 1980களின் தொடக்கத்திலேயே ‘பலஸ்தீனக் கவிதைகள்’ என்ற மொழிபெயர்ப்புத் தொகுப்பைக் கொண்டுவந்தார். இனமோதல் முற்றிக்கொண்டிருந்த நேரம் அது. அங்கே அந்தக் கவிதைகளைப் படித்தவர்களுக்கு அடையாள அட்டை, சோதனைச் சாவடி, எரிந்த வீடு எதற்கும் அடிக்குறிப்பு தேவைப்பட்டிருக்காது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ‘என் அம்மாவுக்கு’ கவிதையிலிருந்து தொடங்கலாம். முடிந்தால் கலீஃபாவின் பாடலையும் கேளுங்கள். மொழி புரியாவிட்டாலும் சந்தம் காதில் ஏறும். அடுத்து ‘முற்றுகை நிலை’. சின்னச் சின்னத் துண்டுகளாக இருப்பதால் நிறுத்தி நிறுத்திப் படிக்க வசதி. பிறகு, மகன் தந்தையிடம் குதிரையை ஏன் தனியாக விட்டுவந்தீர்கள் என்று கேட்கும் 1995ஆம் ஆண்டுத் தொகுப்பு. 1948இல் ஊரைவிட்டு ஓடிய அந்த இரவு அதில் ஒரு சிறுவனின் கேள்விகளாகத் திரும்ப வருகிறது. பெய்ரூட் உரைநடைக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். ‘சுவரோவியம்’ கடைசியில் இருக்கட்டும், அதற்கு முந்தையவை எல்லாம் அதற்குள் எதிரொலிக்கும். 2008 ஜூலையில் ரமல்லாவில், தன் வாழ்க்கையே தற்செயல்களின் ஆட்டம் என்று சொல்லும் ‘பகடையாடி’ என்ற புதிய கவிதையை அவர் வாசித்தார். அடுத்த மாதம் 9ஆம் தேதி, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தார். அந்த வாசிப்பின் காணொளி இணையத்தில் கிடைக்கிறது.